பழைய டிஎன்ஏ வரைபடத்தில் நம் பக்கம் ஏன் காலி?

ஆதிமனிதர்களைப் பற்றிய யூடியூப் காணொளிகளில் தவறாமல் ஓர் உலக வரைபடம் வரும். பழைய டிஎன்ஏ கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி. ஐரோப்பாவில் புள்ளிக்கு மேல் புள்ளி, இடம் போதாமல் நெரியும். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் கிட்டத்தட்ட வெறும் தாள். கருத்துப் பகுதியில் யாராவது ஒருவர் கேட்டிருப்பார்: "அப்போ அந்தக் காலத்துல நம்ம பக்கம் ஆளே இல்லையா?"

இருந்தார்கள், அதுவும் ஏராளமாக. கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் படத்தை விளக்கமே இல்லாமல் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகிறவர்கள் மேல்தான் கோபம். என்னைக் கேட்டால் அது குளிரின் வரைபடம். மனிதர்கள் வாழ்ந்த இடங்களை அதில் தேடுவது வீண்.

உயிர் போனதும் டிஎன்ஏ சிதையத் தொடங்கிவிடும். தண்ணீரும் வெப்பமும் அந்த நீண்ட இழையை நறுக்கிக்கொண்டே இருக்கும். டிஎன்ஏவின் அலகுகளை எழுத்துகள் என்பார்கள். கோடிக்கணக்கான எழுத்துகள் கொண்ட இழை கடைசியில் ஐம்பது அறுபது எழுத்துத் துண்டுகளாக நிற்கும். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 13 டிகிரி சராசரி வெப்பத்தில், அவர்கள் அளந்த டிஎன்ஏ துண்டுகளில் பாதி அழிய 521 ஆண்டுகள். சென்னையின் ஆண்டுச் சராசரியே 28 டிகிரிக்கு மேல். மழையையும் ஈரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனித வம்சத்தில் இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய டிஎன்ஏக்களில் ஒன்று ஸ்பெயினின் சிமா தே லோஸ் ஊயெசோஸ் குகைக் குழியில் கிடைத்தது. வயது சுமார் 4,30,000 ஆண்டுகள். ஆப்பிரிக்காவைப் பாருங்கள். நம் இனத்தின், அதாவது ஹோமோ சேப்பியன்ஸின், மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. 3,00,000 ஆண்டுகள் பழையவை. ஆனால் சகாராவுக்குத் தெற்கே எடுக்க முடிந்த மிகப் பழைய மனித டிஎன்ஏ சுமார் 18,000 ஆண்டுகளுக்கு உட்பட்டது. அதாவது நாம் பிறந்த கண்டத்தில், நம் வரலாற்றின் கடைசி ஆறு சதவீதம்தான் டிஎன்ஏவின் கண்ணுக்குத் தெரிகிறது. மிச்சத்தை எலும்பையும் கல்லையும் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

இதைச் சொல்வதால் இந்தத் துறையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பழைய டிஎன்ஏ ஆய்வின் முன்னோடி ஸ்வாந்தே பேபோவும் ஜெர்மனியின் லைப்சிக்கில் இருக்கும் அவருடைய குழுவும் செய்தது அசாத்தியமான வேலை. எலும்பைத் தொட்டவர் கையிலிருந்து, தும்மியவர் மூக்கிலிருந்து, மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து என்று எல்லாப் பக்கமிருந்தும் அந்நிய டிஎன்ஏ வந்து கலக்கும். அதிலிருந்து உண்மையான பழைய துண்டுகளைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. காலப்போக்கில் துண்டுகளின் முனைகளில் குறிப்பிட்ட ஓர் எழுத்து இன்னொன்றாக மாறியிருக்கும். அந்தச் சேதமே வயதுக்கு அத்தாட்சி. இப்படித்தான் 2010இல், அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களின் ஜீனோமுக்கு (முழு டிஎன்ஏ தொகுப்புக்கு) முதல் வரைவு வந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோரிடமும் சுமார் 2 சதவீதம் நியாண்டர்தால் பங்கு இருப்பது அதன் பிறகுதான் உறுதியானது. 2022இல் பேபோவுக்கு நோபல் பரிசு கிடைத்ததில் எனக்கு எந்த முணுமுணுப்பும் இல்லை.

வரைபடம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு டெனிசோவன்கள் என்ற அழிந்துபோன மனிதக் கிளையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சைபீரியாவில் அல்தாய் மலையில் இருக்கிறது டெனிசோவா குகை. உள்ளே சராசரி வெப்பம் உறைநிலையை ஒட்டி இருக்கும். 2008இல் அங்கே ஒரு சிறுமியின் விரல் எலும்புத் துணுக்கு கிடைத்தது. 2010இல் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால் அவள் நியாண்டர்தாலும் இல்லை, நம் இனமும் இல்லை. எலும்புக்கூட்டின் வடிவமே தெரியாமல், டிஎன்ஏவை மட்டும் வைத்து ஒரு மனிதக் கிளை அறியப்பட்டது அதுதான் முதல்முறை. சரி, அந்தக் கிளையின் ரத்தம் இன்று யாரிடம் அதிகம் ஓடுகிறது? சைபீரியர்களிடம் இல்லை. பப்புவா நியூகினி மக்களிடம் 3 முதல் 5 சதவீதம் வரை. பிலிப்பைன்ஸின் ஆய்தா மக்களிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. எல்லாமே வெயிலும் மழையுமான தீவுகள்.

கொஞ்சம் யோசித்தால் விஷயம் புரியும். டெனிசோவன்கள் ஆசியாவில் வெகுதூரம் பரவி வாழ்ந்தவர்கள். வெப்ப நிலங்களிலும் நிறைய இருந்திருக்க வேண்டும். நம் இனத்தவர் கிழக்கே போனபோது அங்கேதான் அவர்களோடு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சைபீரியக் குகை அவர்களுடைய தலைநகரம் எல்லாம் இல்லை. தற்செயலாக அங்கே நல்ல ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். முதலில் கிடைத்த இடத்தின் பெயரையே இனத்துக்கும் வைத்துவிட்டதால், அவர்கள் சைபீரியர்கள் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

பிறகு வந்த ஆதாரங்கள் ஒவ்வொன்றும் இந்தப் பக்கமே சாய்கின்றன. திபெத்தியப் பீடபூமியின் பைஷியா குகையில் 1980இல் ஒரு பௌத்தத் துறவி கண்டெடுத்த தாடை, 2019இல் புரத ஆய்வு மூலம் டெனிசோவனுடையது என்று தெரிந்தது. லாவோஸின் நாகப்பாம்புக் குகையில் ஒரு சிறுமியின் கடைவாய்ப்பல் கிடைத்தது. அதில் டிஎன்ஏ இல்லை, வடிவம்தான் டெனிசோவனைச் சுட்டுகிறது. தைவான் அருகே கடலடியிலிருந்து மீனவர் வலையில் வந்த தாடை 2025இல் அதே பட்டியலில் சேர்ந்தது, அதுவும் புரதத்தால்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹார்பின் மண்டையோடு. 1933இல், ஜப்பானிய ஆதிக்கத்தில் இருந்த வடகிழக்குச் சீனாவில், பாலம் கட்டும் வேலையில் இருந்த ஒரு தொழிலாளி அதைக் கண்டெடுத்ததாகவும், யாருக்கும் தெரியாமல் ஒரு கிணற்றுக்குள் ஒளித்துவைத்ததாகவும் குடும்பத்தார் சொன்னார்கள். கடைசிக் காலத்தில் அவர் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல, அவர்கள் வெளியே எடுத்து 2018இல் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். 2021இல் 'டிராகன் மனிதன்' என்று புது இனமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் சியாவ்மெய் ஃபூவின் குழு அதில் டிஎன்ஏ தேடியது. எலும்பில் கிடைக்கவில்லை, பல்லிலும் கிடைக்கவில்லை. பல்லில் படிந்திருந்த காரையில் கிடைத்தது! நாம் பல் மருத்துவரிடம் காசு கொடுத்துச் சுரண்டி எடுக்கிறோமே, அதே காரைதான். டிராகன் மனிதன் டெனிசோவன். விரல் துணுக்கு கிடைத்துப் பதினேழு ஆண்டுகள் கழித்து அந்தக் கிளைக்கு ஒரு முகம் வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்த ஊர். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டது. அதே இடத்தில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கியதை 2018இல் காட்டியது. கல்லைப் பக்குவமாகத் தட்டித் தயார்செய்து, வேண்டிய வடிவத்தில் சில்லு எடுக்கும் முறை அது. செய்தவர்கள் யார்? மனித எலும்பு ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. (இதைப் படித்ததும் "அப்போதே தமிழன்..." என்று தட்டச்சு செய்யத் தொடங்கியவர்கள் தயவுசெய்து விரலை எடுத்துவிடுங்கள். 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் இனமே தோன்றவில்லை.)

பழைய மனித இனம் ஒன்றின் மண்டையோடு என்று இந்தியாவில் கிடைத்தது ஒன்றே ஒன்று: 1982இல் மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில், நர்மதைக் கரையில் அருண் சொனாக்கியா கண்டெடுத்தது. அது எந்த இனம் என்று இன்னும் சண்டை ஓயவில்லை. அவ்வளவு பின்னால் போவானேன்? வெறும் நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் பழைய, ஹரியானாவின் சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து மட்டும்தான் படிக்கும் அளவுக்கு டிஎன்ஏ வந்தது. 2019இல் வந்த அந்த ஆய்வை ஆளுக்கொரு பக்கம் இழுத்து அரசியல் பேசினார்கள். எனக்கு அதில் உறைத்தது அந்த 61க்கு ஒன்று என்ற கணக்குதான்.

ஆனால் மண் இழந்ததை உடம்பு வைத்திருக்கிறது. 2025இல் இந்தியர்கள் 2,700க்கும் மேற்பட்டோரின் முழு ஜீனோமை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. ஒவ்வொருவரிடமும் இருப்பது ஒன்றிரண்டு சதவீதம் பழைய இனங்களின் டிஎன்ஏதான். ஆனால் ஒருவரிடம் இருக்கும் துண்டு அடுத்தவரிடம் இல்லை. எல்லோரிடமும் இருப்பதைச் சேர்த்து வைத்தால் நியாண்டர்தால் ஜீனோமில் ஏறக்குறைய பாதியையும், டெனிசோவனில் ஐந்தில் ஒரு பங்கையும் மீட்டெடுக்க முடிகிறது. இதன் பலன் எப்போதும் இனிப்பானது என்று சொல்ல முடியாது. கொரோனா தீவிரமாகும் அபாயத்தைக் கூட்டும் ஒரு மரபணுப் பகுதி நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று 2020இல் பேபோவே எழுதினார். தெற்காசியர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அது இருக்கிறது, கிழக்கு ஆசியாவில் அநேகமாக இல்லை. டெனிசோவன்களிடமிருந்து திபெத்தியர்களுக்கு வந்ததோ உயரமான இடத்தில் மூச்சுத் திணறாமல் வாழ உதவும் மரபணு. யாருக்கு எது கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம்.

எச்சிலை அனுப்பினால் "உங்களுக்குள் இத்தனை சதவீதம் நியாண்டர்தால்" என்று சான்றிதழ் தரும் வியாபாரம் பற்றி ஒரு வரி போதும்: எத்தனை சதவீதம் என்பதைவிட எந்தத் துண்டு என்பதே முக்கியம், அந்தச் சான்றிதழில் பெரிதாக அச்சிடுவதோ சதவீதத்தை.

சரி, என்ன செய்யலாம் என்கிறாய் என்று கேட்பீர்கள். முதலில், அரிய எலும்பு கிடைத்ததும் டிஎன்ஏவுக்காக அரைக்கும் அவசரம் வேண்டாம். டெனிசோவா விரலுக்கே என்ன ஆனது? இரண்டாக வெட்டி இரண்டு ஆய்வகங்களுக்குப் போனது. அதன் முழு வடிவத்தைப் புகைப்படங்களை வைத்துத்தான் 2019இல் பாரிஸ் ஆய்வாளர்கள் மீட்டார்கள். பார்த்தால் நம் விரல் போலவே மெல்லியது. குளிர்ப் பிரதேசத்தில் அந்த இழப்புக்குப் பலனாக ஒரு ஜீனோம் கிடைத்தது. இங்கே அரைத்தால் பெரும்பாலும் தூள்தான் மிஞ்சும்.

இரண்டாவது, பல் எனாமல். அதில் சிக்கியிருக்கும் புரதம் டிஎன்ஏவைவிடப் பல மடங்கு காலம் வெயிலைத் தாங்கும். தென்னாப்பிரிக்காவில் 20 லட்சம் ஆண்டுகள் பழைய பாராந்த்ரோபஸ் என்ற ஆதிமனிதக் கிளையின் பற்களிலிருந்து புரதம் எடுத்து, ஆண் எது பெண் எது என்றே 2025இல் சொல்லிவிட்டார்கள். டிஎன்ஏ அளவுக்கு விவரம் அதில் வராது, எழுத்துகள் மிகக் குறைவு. ஆனாலும் இது எந்தக் கிளை என்று ஓரளவு சொல்லும். பைஷியாவில் குகை மண்ணிலிருந்தே டெனிசோவன் டிஎன்ஏ எடுத்தார்களே, அந்த வழியையும் விடக்கூடாது.

தமிழ்நாட்டுச் செம்மண்ணிலும் சரளையிலும் எலும்பு நிற்பது கடினம். சுண்ணாம்புக் குகைகளில் நிற்கும். ஆந்திராவின் கர்னூல் பக்கம் பில்லசுர்கம் குகைகளை 1880களில் ஃபூட்டும் அவர் மகனும் தோண்டி, கூடை கூடையாக விலங்கு எலும்புகளை எடுத்தார்கள். அதே வட்டாரத்தில் ஜ்வாலாபுரத்தில், 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை கொட்டிய சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்தது நம் இனமா, வேறு கிளையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஒரே ஒரு மனிதப் பல் கிடைத்தாலும் அந்த வாதம் வேறு கட்டத்துக்குப் போய்விடும். கீழடிக்குக் கிடைக்கும் கவனத்தில் கால் பங்கு, அதே பொறுமை, நல்ல புரத ஆய்வகத்தோடு ஓர் ஒப்பந்தம். தொல்லியல் துறைகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பத்து ஆண்டு தோண்டிப் பல்லே கிடைக்காமலும் போகலாம், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.