இரண்டு மலையும் தென்னை மரமும் போதும், பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுங்கள்

இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் ஓவிய நோட்டைப் புரட்டினால் இந்தப் படம் கட்டாயம் கண்ணில் படும். மலையே தெரியாத நாகப்பட்டினத்துப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. கரும்பலகையில் இருப்பதை அப்படியே போட்டால் ‘குட்’ கிடைக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இதை ஓவிய வகுப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. கையெழுத்துப் பயிற்சிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பிள்ளைகளுக்குக் கலை வகுப்பில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு பொருளைக் கையில் கொடுத்து, அது எப்படி நடந்துகொள்ளும் என்று காட்டிவிட வேண்டும். அதை வைத்து என்ன செய்வது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

‘எனக்கே வரையத் தெரியாதே’ என்று வகுப்பாசிரியர்கள் சொல்வது நியாயம்தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று சொல்வது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தொடக்க வகுப்புகளுக்கு அப்படி ஒருவர் கிடையாது. தமிழும் கணக்கும் எடுக்கிறவரேதான் இதையும் எடுத்தாக வேண்டும். கீழே சொல்லும் வேலைகளில் ஆசிரியர் ஒரு கோடு கூட வரைய வேண்டியதில்லை. முப்பது பேர் வகுப்பு, ஐந்து ஐந்து பேராக ஆறு குழு என்று வைத்துக்கொண்டு அளவு சொல்கிறேன்.

முதலில் காய்கறி அச்சு. எல்லாரும் செய்கிறார்கள், பாதிப் பேருக்குச் சரியாக வருவதில்லை. காரணம் ஈரம். வெண்டைக்காயை நறுக்கிய உடனே வண்ணத்தில் முக்கினால் கொழகொழப்பில் வண்ணம் வழுக்கிக்கொண்டு போகும், தாளில் நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு கறைதான் விழும். முற்றிய வெண்டைக்காயாக எடுங்கள், பிஞ்சு நசுங்கிவிடும். குறுக்கே நேராக ஒரே வெட்டு. கத்தியை அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் முகம் சமமாக இருக்காது, அச்சில் பாதிதான் விழும். பிடித்துக்கொள்ள இரண்டு அங்குல நீளமாவது வேண்டும். வெட்டிய முகத்தைச் செய்தித்தாள் மேல் கவிழ்த்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். முந்தின நாளே வெட்டி வைக்காதீர்கள், ஓரம் சுருங்கிவிடும். வெட்டும் வேலை ஆசிரியருடையது, கத்தி வகுப்புக்குள் வரவே வேண்டாம்.

சாப்பிடும் பொருளை இப்படி வீணாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. சத்துணவுக் கூடத்தில் காலையில் சொல்லி வைத்தால், நறுக்கி எறியும் வெண்டைக்காய்க் காம்புப் பகுதியையே தருவார்கள். கொஞ்சம் காயோடு சேர்த்து வெட்டித் தரச் சொன்னால் போதும், நட்சத்திரம் அதிலேயே வரும். வாழை இலையின் தடித்த காம்பைக் குறுக்கே வெட்டினால் பிறை வடிவத்துக்குள் கட்டம் கட்டமாக அறைகள் தெரியும். அந்த அச்சுக்கு ஈடாக எந்தக் காயும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் வாழைக்கறை சீருடையில் பட்டால் போகாது. ஒரு மணி நேரம் முன்பே வெட்டி, வடிவதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். பாகற்காயென்றால் விதையைத் தோண்டி எடுத்துவிடுங்கள், அலை அலையான ஓரம் அழகாக விழும்.

வண்ணத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வைக்காதீர்கள். காயை அதில் முக்கினால் பக்கவாட்டிலெல்லாம் வண்ணம் ஏறிவிடும், அழுத்தும்போது பிதுங்கும். உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பழைய தட்டில் வைத்து, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி போஸ்டர் கலரைத் தடவுங்கள். தண்ணீர் கலக்கவே வேண்டாம், ஸ்பாஞ்சில் இருக்கும் ஈரம் போதும். குழுவுக்கு இரண்டு நிறம், ஆக மொத்தம் பன்னிரண்டு ஸ்பாஞ்சு. அரை லிட்டர் வண்ணம் வாங்கினால் மிச்சமே இருக்கும். மூன்று நிறம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் கலந்து ஒரே பழுப்பாகிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு காய், மாற்றக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தாளுக்கு அடியில் செய்தித்தாளை நான்கைந்து மடிப்பாக வையுங்கள். மர பெஞ்சின் மேடுபள்ளம் அச்சில் தெரியாமல் இருக்க இதுதான் வழி. பிள்ளைகள் அழுத்தியதும் கையைத் திருகுவார்கள், அதனால்தான் ஓரம் இழுபடுகிறது. ‘வை, அழுத்து, நேரே மேலே தூக்கு’ என்று மூன்று சொல்லாகச் சொல்லிக் கொடுத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வந்துவிடும். முதல் அச்சில் வண்ணம் மிகுதியாக விழும், இரண்டாவதும் மூன்றாவதும்தான் தெளிவாக இருக்கும். ஒரு தடவை தொட்டுக்கொண்டு மூன்று தடவை அச்சிடலாம் என்று தெரிந்ததும் பிள்ளைகளே எது நன்றாக வருகிறது என்று பார்க்கத் தொடங்குவார்கள். அந்தக் கவனிப்புதான் இந்த வகுப்பின் பாடம்.

அச்சு காய்ந்த பிறகு பூ வரையச் சொல்லாதீர்கள். வெண்டைக்காய் அச்சு என்றதும் எல்லாருக்கும் பூதான் தோன்றும், முப்பது தாளிலும் முப்பது பூந்தொட்டி வரும். ‘இந்த ஒரே அச்சை வைத்து ஒரு கூட்டத்தைக் கொண்டு வா’ என்று சொல்லிப் பாருங்கள். திருவிழா, எறும்புப் புற்று, பஸ் ஸ்டாண்டு என்று வரும். கிரையானால் கை கால் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது மெழுகு. வெள்ளை மெழுகுவர்த்தியால் தாளில் கோடு போட்டு, மேலே நீர்த்த வண்ணம் பூசினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கோடாலிக்கருப்பூரில் நெய்த புடவைகளில் மெழுகு வைத்துச் சாயம் தடுத்த வேலைப்பாடு இதே தத்துவம்தான். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதன் படத்தைக் காட்டலாம். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் வண்ணத்தின் கெட்டியால். போஸ்டர் கலரை அப்படியே பூசினால் மெழுகையும் சேர்த்து மூடிவிடும். ஒரு பங்கு வண்ணத்துக்கு எட்டுப் பங்கு தண்ணீர் சேர்த்து, ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், அடியில் பென்சில் கோடு தெரிய வேண்டும். இன்னொன்று, மெதுவாகக் கீறினால் மெழுகு ஏறாது, அழுத்தித்தான் போட வேண்டும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு தெரியாமல் பிள்ளை குழம்பும். தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் மெழுகு மினுங்கும். ஜெராக்ஸ் தாள் தண்ணீர் பட்டதும் சுருண்டு கிழிந்துவிடும். சார்ட் தாளை எட்டாக வெட்டி அதன் சொரசொரப்பான பக்கத்தில் செய்யச் சொல்லுங்கள், நான்கு சார்ட் போதும். பிரஷ்ஷை ஒரே திசையில் ஒரு தடவைதான் இழுக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் நூலாகப் பிரிந்து வரும்.

களிமண்ணைப் பல பள்ளிகள் தொடவே பயப்படுகின்றன, அழுக்காகும் என்று. எனக்கு இதில் மாற்றுக் கருத்து கிடையாது: கை வலு வராத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பென்சிலைவிடக் களிமண்தான் முதலில் தேவை. ஆளுக்குக் கால் கிலோ, வகுப்புக்கு ஏழெட்டுக் கிலோ. பானை செய்கிறவர்களிடம் பிசைந்த மண்ணாகவே கிடைக்கும். குளத்து மண்ணென்றால் ஊற வைத்து, சல்லடையில் வடித்து, கல்லும் வேரும் நீக்க வேண்டும். பதம் பார்க்க, பென்சில் கனத்துக்கு ஒரு திரியாக உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் தண்ணீர் போதாது. உள்ளங்கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, பருத்தித் துணியில் பரப்பிக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

மறுநாள் வந்து பார்த்தால் யானையின் தும்பிக்கை தனியாகக் கிடக்கும், பிள்ளை அழும். ஒட்டின இடத்தில் வெறும் தண்ணீர் தடவியதால் வந்த வினை. இரண்டு முகத்தையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி, அழுத்தி, இணைப்பை விரலால் வழித்துவிட வேண்டும். உருவம் கட்டைவிரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. திரண்ட உருண்டையாக இருந்தால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், நடுவில் பிளந்துவிடும். யானை வயிற்றை அடியிலிருந்து தோண்டிவிடச் சொல்லுங்கள். பொடியாக நறுக்கிய வைக்கோலை ஒரு பிடி சேர்த்துப் பிசைந்தால் வெடிப்பு குறையும், மண்சுவர் வைக்கிறவர்கள் செய்வது இதுதான். வெயிலில் வைக்காதீர்கள். நிழலில், செய்தித்தாளால் மூடி, தினம் ஒரு முறை திருப்பி வைத்து நான்கைந்து நாள் காய விடுங்கள். கை கழுவ ஒரு வாளி போதும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இரவெல்லாம் தெளிய விட்டு, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடி மண்ணை அடுத்த வகுப்பின் கூழுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பசை பற்றி ஒரு எச்சரிக்கை. மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகுதான் அடுப்பில் வைத்துக் கிளற வேண்டும், கண்ணாடிபோல் ஆனதும் இறக்கிவிடலாம். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள். ஒரு கரண்டி உப்புப் போட்டு இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளை வரைவதில் மனிதர்கள் எல்லாரும் தாளின் அடியில் ஒரே கோட்டில் நிற்பார்கள். வீட்டுச் சுவர் இருக்கும், உள்ளே பாட்டி படுத்திருப்பதும் தெரியும். அம்மா வீட்டைவிடப் பெரியவளாக இருப்பாள். கலைக்கல்வி ஆய்வாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே இதை அந்த வயதுக்குரிய படிநிலை என்று விளக்கிவிட்டார். தப்பு என்று சொல்லி ரப்பரை எடுக்காதீர்கள். ‘என்னடா இது?’ என்று கேட்கவும் வேண்டாம், அந்தக் கேள்வியிலேயே புரியவில்லை என்ற தீர்ப்பு இருக்கிறது. ‘இந்த ஓரத்தில் என்ன நடக்குது, சொல்லேன்’ என்று கேளுங்கள். பிள்ளை பேசிக்கொண்டே இன்னும் இரண்டு ஆளை வரைந்து சேர்க்கும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் தெர்மாகோல் அறுத்து ஜிகினா ஒட்டி அனுப்பும் ‘ப்ராஜெக்ட்’டில் உங்கள் பிள்ளையின் விரல் படவே இல்லை. அதற்கு மார்க் போடும் பள்ளியிடம் ‘இதை வகுப்பிலேயே செய்ய வையுங்கள்’ என்று தைரியமாகக் கேளுங்கள். காட்சிக்கு வைக்கும்போதும் ‘நல்ல’ ஐந்தை மட்டும் பொறுக்காமல், முப்பதையும் பிள்ளைகளின் கண் உயரத்தில், தரையிலிருந்து மூன்று மூன்றரை அடியில் ஒட்டச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் தடையாக நிற்பது பணமல்ல, நேரம். நாற்பது நிமிடப் பாடவேளையில் பரப்பப் பத்து, காட்ட ஐந்து, துடைத்து அடுக்கப் பத்து போனால் பிள்ளைக்கு மிஞ்சுவது பதினைந்து நிமிடம். வாரம் இரண்டு தனித்தனி வேளை இருப்பதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு வேளை சேர்ந்து கிடைப்பது எவ்வளவோ மேல். மதியம் கடைசி இரண்டு வேளையாக இருந்தால் ஈர வேலைகளைப் பெஞ்சிலேயே காய விட்டுப் போகலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் இதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, கால அட்டவணையில் எழுத வையுங்கள்.