வெளியே கறுப்பு வண்ணம், உள்ளே செந்துரு

ஒரு பெட்ரோல் டேங்க்கின் வெளிப்புறத்துக்கு முகம் பார்த்துத் தலை வாரும் அளவுக்குப் பளபளவென்று கறுப்பு வண்ணம் அடித்துவிட்டு, உட்புறத்தை ஒரு டார்ச் விளக்கு கொண்டுகூடப் பார்க்காமல், "கிளீன் பண்ணி கோட்டிங்கும் கொடுத்தாச்சு சார்" என்று 6,500 ரூபாய்க்கு ரசீது கிழித்துக் கொடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

வண்டி, அப்பா 1986இல் வாங்கிய பெட்ரோல் அம்பாசிடர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, தண்டையார்பேட்டை வீட்டு வாசலில் வைத்துக் காப்பாற்றி வருகிறேன். சென்ற ஆண்டு அது ஒரு விசித்திரமான நோயில் விழுந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில், பின்னால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்க, திடீரென்று மூச்சடைத்து நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரம் கட்டி வைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். பட்டறையில் முதலில் ஃபில்டரை மாற்றினார்கள். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பிறகு மறுபடியும் ஃபில்டர், பிறகு பெட்ரோல் பம்ப், அதற்குப் பிறகும் ஃபில்டர். நின்ற வண்டி தானாகக் கிளம்புகிறது என்பதிலேயே விடை இருந்தது. டேங்க்கின் அடியில் கிடக்கும் துருத்தூள், பம்ப் உறிஞ்சும்போது குழாயின் வாயில் போய் அப்பிக்கொள்கிறது. எஞ்சின் நின்று உறிஞ்சல் ஓய்ந்ததும் மீண்டும் கீழே உதிர்ந்துவிடுகிறது. மூன்று ஃபில்டர்களையும் வெட்டிப் பார்த்திருந்தால் உள்ளே செங்கல் பொடி போல் இருந்ததைக் கண்டிருப்பார்கள். குப்பையில் போடும் பொருளை யார் பார்க்கிறார்கள்?

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கிறோம். எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியும் துருப்பிடிக்கும், வாசல் கேட்டின் கீலும் துருப்பிடிக்கும். பாதி காலியாக நிற்கும் டேங்க்குக்குள் உப்பங்காற்று புகுந்து, இரவில் குளிர்ந்து, நீர்த்துளியாகி அடியில் தங்குகிறது. போதாததற்கு, 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று ஏறக்குறைய எல்லா பங்க்குகளிலும் ஊற்றப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீர் வேறு. வாரம் ஒருமுறைகூட ஓடாத வண்டியின் இரும்பு டேங்க் துருப்பிடிக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆகவே துருவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அதை எடுத்துவிட்டதாகச் சொன்னவர்கள் மேல்தான்.

அவர்கள் செய்தது இவ்வளவுதான். டேங்க்கைக் கழற்றி, கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றிக் குலுக்கி, குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசி, ஈரம் காயும் முன்பே உள்ளே ஏதோ ஒரு பூச்சை ஊற்றிப் புரட்டிவிட்டார்கள். என்ன ஆசிட், எவ்வளவு நேரம், சோடா போட்டு அதன் வீரியத்தை முறித்தீர்களா என்று கேட்டேன். "ஆசிட்னா ஆசிட்தான் சார்" என்று பதில் வந்தது. இல்லை ஐயா, அப்படி இல்லை. அந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் துருவைத் தின்று முடித்ததும் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். சரியாக முறித்து அலசாவிட்டால், அது விட்டுச் செல்லும் குளோரைடு உப்பே அடுத்த துருவுக்கு வித்தாகிவிடும். துரு நீங்கி வெறுமையாக நிற்கும் இரும்பு நம் ஊர்க் காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் துரு பூத்துவிடும். அந்த ஈரத்தின் மேலும் மஞ்சளின் மேலும் ஊற்றிய பூச்சு எத்தனை நாள் நிற்கும்? என் டேங்க்கில் இரண்டரை மாதம் நின்றது. பிறகு பொரித்த அப்பளம் போல் ஏடு ஏடாகப் பெயர்ந்து, உறிஞ்சு குழாயை அடியோடு அடைத்தது. துருத்தூளாவது தானாக உதிரும். இந்த ஏடு உதிரவும் இல்லை.

டேங்க்கைத் திரும்பக் கொண்டுபோனபோது நடந்ததை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. ஓரத்தில் ஒரு பொடி ஓட்டை கசிகிறது என்று கண்டுபிடித்த பட்டறைக்காரர், "நேத்தே பெட்ரோல் எல்லாம் வெளிய ஊத்திட்டேன் சார், காலி டேங்க்தான்" என்று சொல்லிக்கொண்டே கேஸ் வெல்டிங் விளக்கைப் பற்றவைக்கப் போனார். நான் கத்திய கத்தலில் எதிர்க்கடை டீ மாஸ்டர் வெளியே ஓடிவந்தார். காலி டேங்க்தான் ஆபத்து! நிரம்பிய டேங்க்குக்குள் எரிவதற்குக் காற்று இல்லை. காலி டேங்க்கில் ஆவியும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் போதும், ஒரு பொறியில் வெடித்துவிடும். பலமுறை கழுவி, ஓட்டைக்கு மிக அருகே வரை தண்ணீர் நிரப்பிக்கொண்ட பிறகுதான் பழைய ரேடியேட்டர் பட்டறைக்காரர்கள் ஈயப்பற்று வைப்பார்கள். இது பரம ரகசியம் அல்ல. நெருப்போடு பிழைப்பவருக்கு அரிச்சுவடி. கழுவிய ஆசிட்டை மழைநீர் வடிகாலில் கொட்டியதைப் பற்றி நான் பேசவே இல்லை. அந்த மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த ஊரில் அப்படிக் கொட்ட எப்படி மனம் வருகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"புது டேங்க் போட்டுடுங்க" என்று யோசனை சொல்லாத ஆள் இல்லை. அம்பாசிடர் தயாரிப்பு 2014இலேயே நின்றுவிட்டது. பழைய வண்டிகளின் உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்த் தேடினேன். கிடைத்த பழைய டேங்க்கைக் கவிழ்த்துத் தட்டினால் அதிலிருந்தும் அதே செங்கல் பொடி கொட்டியது.

கடைசியில் வழி சொன்னவர், காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர். "ஆசிட் ஊத்துறது எல்லாருக்கும் தெரியும் தம்பி. காய வைக்கத்தான் எவனுக்கும் பொறுமை கெடையாது" என்றார். மாடியில் நானே உட்கார்ந்தேன். பெயர்ந்த பூச்சைச் சுரண்டி எடுக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பெட்ரோல் அளவு காட்டும் மிதவையைக் கழற்றி, துளைகளை எல்லாம் அடைத்து, 40 நட்டுகளை எண்ணி உள்ளே போட்டு, கை ஓயும் வரை குலுக்கினேன். எண்ணி எடுத்தால் 42 வந்தன. வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் கேட்ட கடகட ஓசைக்கு, "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்று அவர்கள் சொன்ன விளக்கத்தை நானும் இத்தனை நாள் நம்பியிருக்கிறேன்!

20 லிட்டர் வெந்நீருக்கு 2 கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி மாற்றிக் கிடத்தினேன். மறுநாள் கறுத்த கஷாயமாக வெளியே வந்தது. உள்ளே இரும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் முறித்து, மூன்று முறை அலசி, உடனே ஸ்பிரிட் ஊற்றிச் சுழற்றி ஈரத்தை வாரி எடுத்து, காற்றூதியின் குழாயை உள்ளே விட்டு, உச்சி வெயிலில் நாள் முழுக்க வைத்தேன். எலும்பு போல் காய்ந்த பிறகே, எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருந்த பூச்சைத் தேடி வாங்கி மெல்லிசாக ஊற்றி, ஒரு வாரம் இறுகவிட்டேன். மொத்தச் செலவு பட்டறை ரசீதில் பாதிகூட இல்லை. தொழில் தெரிந்தவர் வேண்டுமென்றே தவிர்த்த வேலைக்கு, தொழில் தெரியாத நான் ஐந்து ஞாயிறுகளைக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று அந்தப் பட்டறை வழியாக நடந்து போனபோது, அதே பட்டறைக்காரர், "டேங்க்க எங்ககிட்டயே கொண்டாங்க சார், மாட்டித் தரேன், கூலி மட்டும் கொடுங்க" என்றார். சட்டைப்பையிலிருந்து அந்த இரண்டு நட்டுகளையும் எடுத்து அவர் மேசையில் வைத்தேன். அவர் அவற்றை எடுத்து, வேட்டியில் துடைத்து, மறை தேயாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, நட்டு டப்பாவில் போட்டுக்கொண்டார்.