விளையாட்டுதான், அதனால் என்ன?

போன வாரம் ஏற்காட்டில் எங்கள் பிள்ளைகள் தாயம் உருட்டி, விழுகிற எண்ணுக்கு ஏற்ப வாசித்த மேடையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோ எல்லாருக்கும் வந்துவிட்டது, ஆளாளுக்கு ஒரு கருத்தும் சொல்லியாகிவிட்டது. ஆனால் "அவர் சொன்னதில் என்ன தப்பு?" என்று எனக்கு வேண்டியவர்களே கேட்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மைக்கை வாங்கி, "விளையாட்டு போதும், கச்சேரியை ஆரம்பிக்கலாம்" என்று ஒரு சிறப்பு விருந்தினர் சொல்லலாமா?

விளையாட்டுதான். நாங்கள் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. விளையாட்டு என்பதால்தான் அதில் விதி இருக்கிறது. விதி இருப்பதால்தான் அடுத்தவர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தாயக்கட்டைகளை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் உருட்டுவோம். தாயம் போட்டவர்தான் உள்ளே வரலாம். கணக்குப்படி 16 வாய்ப்பில் 2 தான் தாயம், அதனால் சில பிள்ளைகள் வயலினை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருப்பார்கள். 3 விழுந்தால் ஒரு அடியை மூன்றாக எண்ணும் திஸ்ரம், 4 என்றால் நான்காக எண்ணும் சதுஸ்ரம், 5 என்றால் ஐந்தாக எண்ணும் கண்டம். ஓடிக்கொண்டிருக்கும் தாளம் தப்பாமல் நடை மாற வேண்டும். 12 விழுந்தால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். யாராவது 'வெட்டு' சீட்டைத் தூக்கினால், வாசிப்பவர் விட்ட இடத்திலிருந்து தூக்கியவர் எடுக்க வேண்டும். என்ன வாசிப்பது என்று கட்டையும் சொல்லாது, சீட்டும் சொல்லாது.

அந்த வீடியோவில் 12 விழுந்த இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். மிருதங்கப் பையன் ஓங்கிய கையைத் தோலுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்திவிட்டு, கண்ணை மட்டும் வயலின் பெண் பக்கம் திருப்புகிறான். அவள் வில்லைத் தந்தியிலிருந்து எடுக்கவில்லை, அழுத்தத்தை மட்டும் எடுத்துவிட்டாள். ஏழெட்டுப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் நின்ற அந்த இடத்தில்தான் அவர் எழுந்துவந்து மைக்கை வாங்கினார்.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் காசு சுண்டிப் பார்த்த சரக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951இல் ஐ சிங் என்ற பழைய சீனக் குறிநூலின் முறைப்படி நாணயம் சுண்டி ஒரு பியானோ இசையை அமைத்தார், உண்மைதான். ஆனால் அதில் தற்செயலெல்லாம் எழுதும்போதே முடிந்துவிட்டது. வாசிப்பவர் தாளில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். நாங்கள் செய்வதற்குப் பக்கத்தில் வருவது இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் சோர்ன் 1984இல் உருவாக்கிய 'கோப்ரா'. அதில் ஒருவர் அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார், எந்த அட்டை வேண்டும் என்று வாசிப்பவர்களே கைஜாடையில் கேட்பார்கள். யார் சேர்வது, எப்போது மாறுவது என்பதற்குத்தான் விதி. ஒரு ஸ்வரம்கூட எழுதி வைத்தது கிடையாது.

சரி, அவர்கள் வேண்டாம். நம்ம மேடைக்கே வருவோம். பாட்டின் ஒரு வரியை விதவிதமாக விரிக்கும் நிரவலும், ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரமும் அந்தந்த நேரத்தில் பிறப்பதுதானே? தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் குறைப்பு வாசித்து, முறைக்கு முறை அளவு சுருங்கிக்கொண்டே வருகிறதே, அது விதி வைத்த ஆட்டம் இல்லையா? அதற்குக் கை தட்டுகிறோம். தாயக்கட்டையைப் பார்த்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

"சில நேரம் வெறும் இரைச்சலாக இருக்கிறது" என்கிறீர்கள். இருக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

"ஒழுங்காகப் பயிற்சி இல்லாதவர்கள் இதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்" என்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. கண்டம் விழுந்த நொடியில் கண்டத்துக்கு மாறிப் பாருங்கள், அப்புறம் பயிற்சியைப் பற்றிப் பேசலாம்.

என் பெரியப்பா பம்பை வாசித்தவர். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் சேலத்தில் அவரைக் கையில் பிடிக்க முடியாது. சாமி எப்போது இறங்கும், யார் மேல் இறங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கூட்டத்தில் ஒரு அம்மாவின் கால் கட்டைவிரல் தரையை அழுத்துவதைப் பார்ப்பார், அங்கேயே அடி மாறும். உடுக்கைக்காரர் அவர் தோளைப் பார்த்தே கூட வந்துவிடுவார். ஒத்திகை கிடையாது, தாளில் எதுவும் கிடையாது. நான் கற்றுக்கொண்ட இசையெல்லாம் அந்தக் கட்டைவிரலைக் கவனித்த கண்ணிலிருந்து வந்ததுதான்.

அவரைக் கடைசிவரை 'கொட்டடிக்கிறவர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வித்வான் என்று ஒரு வாய் சொன்னதில்லை. சாப்பாட்டுப் பந்தியில் கடைசியில்தான் இலை போடுவார்கள். மேடையில் நின்று "கச்சேரியை ஆரம்பிக்கலாம்" என்று சொன்ன குரல் எனக்குப் புதிதல்ல. எது கச்சேரி, எது கொட்டு, எது விளையாட்டு என்று முடிவு செய்கிற அந்தக் குரலைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். "நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று சொல்வீர்கள். ஆமாம், படுகிறேன். பெரியப்பா படவே இல்லை, அதனால் என்ன கிடைத்தது அவருக்கு?

அந்தப் பையனின் அம்மா நேற்று போன் செய்தார். மலையிலிருந்து இறங்கியதிலிருந்து அவன் மிருதங்கத்துக்கு உறையே கழற்றவில்லையாம். "நான் ஏதாவது தப்பா வாசிச்சிட்டேனா அம்மா?" என்று கேட்டானாம்.

ஏற்பாட்டாளர்கள் எனக்கு வருத்தம் தெரிவித்து மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். மைக்கை வாங்கியவர் அந்தப் பையனிடம் பேசட்டும். மேடையில் எல்லார் முன்னாலும் சொன்னதை மேடையிலேயே எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.