‘எல்லாம் ஒரிஜினல், யாரும் கை வைக்கலை’

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக்குழாய் வால்வில் ஓடுவது) விளம்பரங்களில் எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது இந்த ஒரு வரிதான். இதைச் சொல்லியே விலையை ஏற்றுகிறார்கள். வாங்குகிறவர்களும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். அறுபது வருஷத்து ஆம்பில் யாரும் கை வைக்கவில்லை என்றால், அது இன்னும் பாட்டுக் கேட்கத் தயாராகவில்லை என்றுதான் அர்த்தம். அதற்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும், கூட்டி அல்ல.

1958-இல் இங்கிலாந்தில் வந்த லீக் கம்பெனியின் ஸ்டீரியோ 20 ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சேனலுக்குச் சுமார் 10 வாட், அவுட்புட் வால்வாக நான்கு இஎல்84. அந்த வால்வுகளுக்கு முன்னால் சின்னதாக ஒரு கப்ளிங் கண்டன்சர் இருக்கும். முந்தைய வால்வின் பிளேட்டில் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) நிற்கும் டிசி வோல்டேஜைத் தடுத்து, பாட்டை மட்டும் உள்ளே விடுவது அதன் வேலை. அந்தக் காலத்துக் காகிதக் கண்டன்சர்கள் வருஷக்கணக்கில் ஈரம் குடித்துக் கசிய ஆரம்பித்துவிடும். கொஞ்சம் டிசி, வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் போனால் போதும், அவுட்புட் வால்வு கண்டபடி கரண்ட் இழுக்கும். கண்ணாடிக்குள்ளே பிளேட் செக்கச்செவேலென்று பழுப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். வால்வு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கூடவே வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் வெந்துபோனால்? சில ரூபாய் கண்டன்சரை ‘ஒரிஜினல்’ என்று காப்பாற்றப்போய், ஆம்பின் உயிரையே விட்ட கதைதான்.

ஆம், உயிர் அந்த டிரான்ஸ்ஃபார்மரில்தான் இருக்கிறது. 1953-இல் வந்த இன்னொரு இங்கிலாந்து ஆம்ப் குவாட் II இன்றும் மதிக்கப்படுவதற்கு, அதை வடிவமைத்த பீட்டர் வாக்கர் அந்தச் சர்க்யூட்டையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒன்றாக வைத்து யோசித்ததுதான் பெரிய காரணம். அதே மாதிரி ஒன்றை இன்று சுற்றித்தர ஆள் தேடுவது சுலபமில்லை. அதனால் வாங்கப் போகும்போது பளபளப்பை விடுங்கள். பவரைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரை வைத்து டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியின் (வால்வுப் பக்கச் சுருள்) இரண்டு பாதியையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் ரீடிங்கே வரவில்லையென்றால் கிளம்பி வந்துவிடலாம். தார் வழிந்த தடமோ கருகல் வாடையோ இருந்தாலும் யோசிக்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஸ்விட்சை அணைத்த பிறகும் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டன்சரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் அடிப்பக்கம் கை விடவே கூடாது, தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள்.

வால்வு மேல் மல்லார்ட் (பழைய இங்கிலாந்து வால்வு கம்பெனி) முத்திரை இருக்கிறது என்று சிலர் விலையை ஏற்றுவார்கள். நல்ல வால்வுதான், மறுக்கவில்லை. ஆனால் முத்திரை ஆயுளைச் சொல்லாது. டெஸ்டரில் வைத்த ரீடிங் இல்லாமல் அதற்குத் தனிப் பணம் தராதீர்கள். இஎல்84, அதைவிடப் பெரிய இஎல்34 எல்லாம் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் புதிதாகவே வருகின்றன.

அமெரிக்க ஆம்ப் மேல் ஆசையா? 1959-இல் வந்த டைனாகோ ஸ்டீரியோ 70 நல்ல தேர்வு, சேனலுக்கு 35 வாட். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ஆகவே பற்றவைப்பின் தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும், அதைப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். அப்புறம், அங்கே கரண்ட் 120 வோல்ட். நம் வீட்டு 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஸ்பீக்கரும் முக்கியம். 10 வாட்டுக்கு 90 டெசிபெலுக்கு மேல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ளது இருந்தால்தான் மிருதங்கத்தின் தொப்பி முழுசாகக் கேட்கும்.

கண்டன்சர் மாற்றி, எர்த் வயர் போட்டு, மாற்றிய பழைய பாகங்களைக் கவரில் போட்டுத் தருகிற ஒருவரிடம் கூடுதலாகக் கொடுத்தே வாங்குவேன். லீக்கோ குவாடோ பார்த்து வைத்திருப்பவர்கள் முதலில் அடித்தகட்டைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேல்பக்கப் படம் மட்டும்தான் வரும் என்றால், அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.