வெஸ்ட்ஃபீல்டில் எல்லாரும் 2022-இல் வந்தவர்கள் இல்லை

மாசசூசெட்ஸின் வெஸ்ட்ஃபீல்டில் இருக்கும் உக்ரைன், ரஷ்யக் குடும்பங்கள் எல்லாம் 2022 போருக்குப் பிறகு வந்து, இறங்கியதுமே கிரீன் கார்டு வாங்கியவர்கள் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தப்பு. அங்கே பலர் சோவியத் கடைசிக் காலத்திலும் தொண்ணூறுகளிலும் வந்த பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் குடும்பங்கள். 1989-இன் லாட்டன்பெர்க் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டம் அப்படிப்பட்டவர்கள் அகதிகளாக வர வழி செய்தது, அகதி என்பதால் ஒரு வருடம் கழித்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் தொடங்கிய உக்ரைன் திட்டம் வேறு. அதில் கிடைத்தது இரண்டு வருட பரோல், அதாவது தற்காலிகமாகத் தங்கும் அனுமதி மட்டும்தான், அதுவும் அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் தன் வருமானத்தைக் காட்டிப் பொறுப்பேற்றால். நாட்டுக்குள் வந்ததைப் பதியும் ஐ-94 தாளில், கைக்குழந்தைக்குக்கூட, அனுமதி முடியும் தேதி இருக்கும், அம்மாவின் வேலை அனுமதியும் அந்தத் தேதியோடுதான் ஓடும். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.