ஆட்டம் இல்லாம என்னய்யா ஆட்டம்?

ரெண்டு நாளா வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். இன்னிக்குக் காலைல இன்னொருத்தர் அதே ஸ்க்ரீன்ஷாட்டை இன்பாக்ஸ்ல அனுப்பறார், கூடவே கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு ஸ்மைலி மூணு. "கேம்ல சரக்கு இல்லன்னா எல்லாத்தையும் ஆட்டி விட்ருவாங்க." எழுதின அண்ணன் யாருன்னு உங்களுக்குத் தெரியும். எழுதினது என் டெமோவைப் பாத்துதான்: கல்லெறிஞ்சு மாங்கா அடிக்கற மொபைல் கேம், கல்லு பட்டா கொத்து குலுங்கும். பேர் சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். அடி வாங்கினது ஆடணும்.

மாமரத்துல கல்லெறிஞ்சு வளந்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். கல்லு பட்ட உடனே மாங்கா விழுந்துடாது. கொத்து ஒரு குலுங்கு குலுங்கும். பட்டுச்சு, ஆனா பத்தல, இன்னொண்ணு எறின்னு அந்தக் குலுக்கல்தான் சொல்லும். ஆடலன்னா கல்லு இலைக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம். சித்தப்பா ஊர்ல தோப்புக்காரர்கிட்ட மாட்டினப்ப அடி வாங்கினது நான், ஆடினதும் நான். அது வேற கதை.

முதல் டெமோல இந்த ஆட்டம் கிடையாது. கல்லு படும், கொத்தோட பலம் 5-லேருந்து 4 ஆகும். கணக்கு சுத்தம். அக்கா பையன் நாலு கல்லு எறிஞ்சான், நாலும் பட்டுச்சு. "படவே மாட்டேங்குது மாமா"ன்னு போனை என் மடில போட்டுட்டுப் போயிட்டான். அன்னிக்கு ராத்திரி 0.15 நொடி குலுக்கல் ஒண்ணு போட்டேன். வேற ஒரு எண்ணையும் தொடல. மறுநாள் அதே பையன், "இப்பதான் மாமா ஒழுங்கா படுது." என்னத்த சொல்ல. அடி வாங்கினது ஆடினாத்தான் அடிச்சவனுக்கு அடிச்ச மாதிரி இருக்கும்.

"ரெண்டு வரி கோடுக்கு இவ்ளோ பில்டப்பா"ன்னு அண்ணன் பதிவுக்குக் கீழ ஒரு தம்பி. நானும் ரெண்டு வரிலதான்பா ஆரம்பிச்சேன். இருக்கற இடத்தைக் குறிச்சு வெச்சுக்கோ, தாறுமாறா நகத்து, முடிஞ்சதும் குறிச்ச இடத்துக்கே திரும்பு. ஒரு குலுக்கல் முடியறதுக்குள்ள அடுத்த கல்லு பட்டா என்ன ஆகும்? விலகி நிக்கற இடத்தையே அது வீடுன்னு குறிச்சுக்கும். இருபது கல்லுல என் மாங்கா கொத்து கிளையை விட்டு இறங்கி பக்கத்து வீட்டுச் சுவர் பக்கம் நடந்து போயிடுச்சு. கொலைடரும் (கல்லு பட்டுச்சான்னு பாக்கற, கண்ணுக்குத் தெரியாத எல்லை) சேந்து ஆடினதுல ஒரே கல்லு ரெண்டு தடவை பட்டுச்சு. கொலைடரைப் பேரண்ட்ல, அதாவது தாய்ப் பொருள்ல, அசையாம வெச்சுட்டு, படத்தை மட்டும் அதுக்குக் கீழ சைல்டா மாட்டி அதோட லோக்கல் பொசிஷனை, அதாவது தாயிலேருந்து விலகி நிக்கற தூரத்தை, ஆட்டணும், முடிஞ்சா பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும், பழைய இடத்தை ஞாபகம் வெச்சுக்கற வேலையே கிடையாதுன்னு புரியறதுக்கு எனக்கு ஒரு வாரம். அப்புறம் அடி விழற கணத்துல டைம்ஸ்கேலை, அதாவது கேமுக்குள்ள நேரம் ஓடற வேகத்தை, பூஜ்யம் ஆக்கினேன், கேமோட சேந்து குலுக்கலும் உறைஞ்சு நின்னுச்சு. அதுக்கு அன்ஸ்கேல்டு டெல்டா டைம், கேம் நின்னாலும் நிக்காம ஓடற நேரக் கணக்கு. ரெண்டு வரியாம்.

"எல்லாத்தையும்" ஆட்டி விட்டேனாம். எல்லாத்தையும் இல்லண்ணே, அடி வாங்கினதை மட்டும். ஸ்மாஷ் ப்ரதர்ஸ்னு நின்டெண்டோவோட சண்டை கேம்ல அடி விழறப்ப ரெண்டு பேரும் ஒரு கணம் உறைஞ்சு நிப்பாங்க. அதுல நடுங்கறவன் வாங்கினவன். அடிச்சவன் கல்லு மாதிரி நிப்பான். கேமராக் குலுக்கலுக்கு அடியோட அளவை (0-லேருந்து 1 வரைக்கும் ஒரு எண்) ஸ்கொயர் பண்ணிக்கோங்கன்னு 2016-ல ஜிடிசி-ங்கற கேம் டெவலப்பர்கள் மாநாட்டுல ஸ்குவிரல் ஐசர்லோங்கற ப்ரோக்ராமர் சொன்னதைத்தான் நான் கொத்துக்குப் போட்டிருக்கேன். 0.9 அடிக்கு 0.81 ஆட்டம், 0.3 அடிக்கு வெறும் 0.09. சின்னக் கல்லு பட்டா லேசா சிலிர்க்கும், அவ்ளோதான்.

பேட்டரி தீந்துடும்னு ஒருத்தர். ஒரு படத்தை ஆறு பிக்சல் நகத்தறதுக்கா சார்?

தலை சுத்தும்னு சொன்னவங்க மேல எனக்குக் கோவமே இல்ல. அது நியாயமான பேச்சு. கேமராவை ஆட்டினா மொத்த உலகமும் ஆடும், சிலருக்குக் குமட்டும். செலெஸ்ட்ங்கற கேம்ல திரைக்குலுக்கலை நிறுத்தி வைக்க ஆப்ஷன் இருக்கறது அதுக்குத்தான். நான் ஆட்டறது கேமராவை இல்ல, கொத்தை. சரி, நடுவுல ஒரு பில்டுல கேமராவையும் ஆட்டினேன், ஒத்துக்கறேன். எனக்கே மயக்கம் வந்து எடுத்துட்டேன். அதுக்காக இப்ப இருக்கறதைக் குறை சொல்வீங்களா?

விளாம்பியர்ங்கற டச்சு கேம் ஸ்டுடியோவோட யான் வில்லெம் நைமன் 2013-ல ஒரு பேச்சுல, சப்புன்னு கிடந்த ஒரு துப்பாக்கி கேமை எடுத்து, சின்னச் சின்ன வித்தையா ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி உயிர் குடுத்துக் காட்டினார். தலைப்பே திரைக்குலுக்கலைக் கலைன்னுதான் சொல்லுது. அந்த வீடியோவை ஷேர் பண்ணி "ஒவ்வொரு டெவலப்பரும் பாக்கணும்"னு எழுதினது யாரு? இதே அண்ணன். நான் அதை அங்கதான் முதல்ல பாத்தேன். அவங்க ஆட்டினா பாடம். நான் ஆட்டினா சரக்கு இல்ல.

அவர் என் டெமோவை டவுன்லோடு பண்ணவே இல்லங்கறது அடுத்த விஷயம். 15 நொடி வீடியோ, அதுவும் சத்தத்தை அணைச்சுட்டுப் பாத்திருக்கார், அவரே கமெண்ட்ல சொல்றார். எட்டு மாசம். பகல்ல வேலை, ராத்திரி இது. என் பழைய லேப்டாப்ல முதன்முதலா யூனிட்டிங்கற கேம் செய்யற சாஃப்ட்வேரை ஏத்திக் குடுத்ததே அவர்தான். "ஒரு கேம் முடிச்சுக் காட்டுடா, நான்தான் முதல்ல ஆடுவேன்"னு சொன்னவரும் அவர்தான். அந்த போஸ்டுக்குச் சிரிச்ச 40 பேர்ல ஒம்பது பேர் என் ரூம்ல உக்காந்து டீ குடிச்சவங்க. எண்ணிப் பாத்தேன். எண்ணியிருக்கக் கூடாது.

அண்ணே, லிங்க் கீழ போட்டிருக்கேன். செட்டிங்ஸ்ல 'குலுக்கல்'னு ஒரு ஸ்லைடர் இருக்கு. பூஜ்யத்துல வெச்சு பத்து கல்லு எறிங்க, அப்புறம் நடுவுல வெச்சு பத்து. சத்தத்தைப் போட்டுக்கிட்டு.