மிஞ்சின மூலைக்குப் பெயர் திறந்தவெளியா?

திருகோணமலை நிலாவெளிப் பக்கக் காணி விளம்பரம் கண்ணில் படாமல் இப்போது முகநூலைத் திறக்க முடிவதில்லை. கடலுக்குக் கிட்ட, 20 பேர்ச், தெளிவான உறுதிப் பத்திரம். சரி, விற்கிறவர் விற்கட்டும். வரைபடத்தில் திறந்தவெளி என்று பச்சை அடித்த துண்டு எங்கே இருக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், பாதை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கு விட வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதி. எந்த 10 சதவீதம் என்பதில்தான் விளையாட்டு. வீடு கட்ட உதவாத முக்கோண மூலை பச்சையாகிவிடும். மாரித் தண்ணீர் தங்கும் பள்ளம் கிரவல் மண்ணால் நிரவப்பட்டு நல்ல விலைக்குப் போய்விடும். உப்புவெளிக்கு உள்ளே அப்படி ஒரு காணியில், வெட்டிய, சதுப்பில் வளரும் தில்லை மரத்தின் அடிக்கட்டை கிரவலைப் பிளந்து துளிர்த்து நிற்கிறது. பக்கத்திலேயே வெள்ளை அடித்த எல்லைக்கல். அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் அடுத்த ஒழுங்கையில் முழங்காலளவு நின்றது.

பள்ளத்தை விற்காமல் விட்டால் நட்டம் வரும் என்பார்கள் காணி விற்கிறவர்கள். ஒரு பேச்சுக்கு 5 ஏக்கர், அதாவது 800 பேர்ச் என்று வையுங்கள். பாதைக்கும் பொதுவுக்கும் 200 போனால், 20 பேர்ச் வீதம் 30 துண்டு. அதே 30 துண்டை 15 பேர்ச் ஆக்கினால் இன்னும் 150 பேர்ச் மிச்சம். பள்ளத்தை அப்படியே விட்டுவிடலாம். 15 பேர்ச்சில் வீடும் கிணறும் நாலு தென்னையும் தாராளமாக அடங்கும்.

கடற்கரை மணல்மேட்டுக்கும் இதே கதைதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை; அடம்பனும் இராவணன் மீசைப் புல்லும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. 2004 சுனாமியைக் கண்ட ஊரிலேயே, அறையிலிருந்து கடல் தெரிய வேண்டும் என்று மேட்டை வழிக்கிறார்கள்.

பாதுகாக்கப்பட்ட நிலம் என்றாலே எங்கள் சனம் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது சொந்த வயலில் அரசாங்கத்தின் எல்லைக்கல்லைக் கண்டவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அதனால் இப்படி விடும் நிலம் கொழும்பிலுள்ள திணைக்களத்திடம் போகக் கூடாது. முதல் துண்டு விற்க முன்பே பள்ளத்தைப் பிரதேச சபைக்கு உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். மாடு மேயட்டும், கோடையில் பொடியன்கள் பந்தடிக்கட்டும், கட்டடம் மட்டும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் உறுதியோடு மழை பெய்யும் மார்கழி மாதத்துப் படம் ஒன்றும் கேளுங்கள். புரோக்கர் ஆவணியில் எடுத்ததைத்தான் அனுப்புவார்.